பொண்ணோட சேர்ந்து உக்காந்த பண வகுப்பு, போட்ட காசு வீண் போகல

என் பொண்ணு காலேஜ் சேர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, காலேஜ் பசங்களுக்கும் வீட்டுல இருக்கறவங்களுக்கும் சேர்த்து பணத்த எப்படி கையாளறதுன்னு சொல்லித்தர்ற ஆன்லைன் கிளாஸ் ஒண்ணுல நாங்க சேர்ந்தோம். மொத்தம் ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு நாள் ஒன்றரை மணி நேரம். ஸ்டூடண்ட் மட்டும் தனியா வரக்கூடாது, அப்பாவோ அம்மாவோ கூட உக்காரணும்னு ரூல். முதல்ல எனக்கு அது தொல்லையா தெரிஞ்சுது, முடிச்சதுக்கப்புறம் சொல்றேன் இந்த கிளாஸ்ல உருப்படியான விஷயமே அந்த ரூல்தான்.

முதல் வாரம் பட்ஜெட், வரவு செலவு எழுதறது. நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான், தாண்டிப் போயிடலாம். ரெண்டாவது வாரம் கல்விக்கடன், அங்கதான் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. படிக்கிற காலத்துல இஎம்ஐ கட்ட வேணாம்னு சொன்னா வட்டியும் ஓடாதுன்னு நான் நெனச்சிட்டு இருந்தேன். நிறைய கடன்ல அப்படி இல்ல, வட்டி பாட்டுக்கு ஏறிக்கிட்டேதான் இருக்கும். 10 சதவீத வட்டி வருஷா வருஷம் அசலோட சேர்ந்தா 100 வாங்கின கடன் நாலு வருஷத்துல 146 ஆகி நிக்கும், அதுக்கப்புறம்தான் இஎம்ஐயே ஆரம்பிக்கும். படிக்கும்போதே மாசாமாசம் வட்டிய மட்டும் கட்டிட்டு வந்தா அந்த 100 அப்படியே 100தான். என் பொண்ணு பேப்பர்ல ஒரு தடவைக்கு ரெண்டு தடவ கணக்கு போட்டுப் பாத்துட்டு "அப்பா, இதுல நீங்களும் கையெழுத்து போடறீங்கள்ல, நான் கட்டலன்னா உங்களத்தானே கேப்பாங்க?"ன்னு கேட்டா. ஆமாம்மான்னு சொன்னேன். இவ்ளோ வருஷத்துல கடனப் பத்தி நாங்க மனசு விட்டுப் பேசினது அன்னிக்குத்தான்.

மூணாவது வாரம் கிரெடிட் கார்டு. மினிமம் டியூ, அதாவது அந்த மாசம் கட்டியே ஆகவேண்டிய குறைஞ்சபட்ச தொகை, அத மட்டும் கட்டினா என்ன ஆகும்னு எங்களையே போட்டுப் பாக்க வெச்சாங்க. மாசம் 3 சதவீத வட்டி, மினிமம் வட்டியும் சேர்ந்த பாக்கியில 5 சதவீதம்னு வெச்சுக்கங்க. பாக்கி 100, புதுசா எதுவும் வாங்கல, ஒரு மாசம் கூட தவறாம மினிமம் கட்டறோம். ஒரு வருஷம் முடியும்போது மொத்தமா 55 கட்டியிருப்போம், ஆனா பாக்கி இன்னும் 77 நிக்கும்! மினிமம் கட்டினா ஃபைன் வராது, ஆனா வட்டி நிக்காது, இத யாரும் எனக்கு இவ்ளோ தெளிவா சொன்னதே இல்ல. அதே வாரத்துல லேப்டாப் இஎம்ஐ கணக்கும் வந்துச்சு. 12 சதவீதம் ஃப்ளாட்னு சொல்லி ஒரு வருஷத்துக்கு இஎம்ஐ போட்டா நெசமான வட்டி 21 சதவீதத்துக்கு மேல, ஏன்னா மாசாமாசம் அசல் குறைஞ்சுகிட்டே வருது, வட்டிய மட்டும் முழு அசலுக்கும் வாங்கறாங்க.

நாலாவது வாரம் மோசடி. ஓடிபி சொல்லாதீங்கன்றது எல்லாருக்கும் தெரியும், ஆனா கமிஷனுக்கு ஆசைப்பட்டு பேங்க் அக்கவுண்ட அடுத்தவங்களுக்கு கொடுக்கிற விஷயம் எனக்கு புதுசு. "உன் அக்கவுண்ட்ல காசு வரும், எடுத்துக் கொடு, உனக்கு ஒரு பங்கு"ன்னு பசங்ககிட்ட கேப்பாங்களாம், வர்றது திருட்டுக் காசா இருந்தா போலீஸ் முதல்ல வந்து நிக்கறது அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்டதான். காலேஜ் போற பிள்ளைங்க வீட்டுல இத கண்டிப்பா சொல்லி வைங்க.

குறைன்னு பாத்தா, முதலீடு பத்தின அஞ்சாவது வாரம் ரொம்ப அவசரம். 72ஐ வட்டி விகிதத்தால வகுத்தா பணம் ரெட்டிப்பாக எத்தன வருஷம்னு கிட்டத்தட்ட வந்துடும், 8 சதவீதம்னா 9 வருஷம், அது வரைக்கும் அழகா புரிஞ்சுது. விலைவாசி அதே பணத்த எப்படி கரைக்குதுன்றத பத்தே நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. ரெக்கார்டிங்கும் 30 நாள்தான் இருக்கும், பரீட்சை நேரத்துல பசங்க எப்படி திரும்பப் பாப்பாங்க? கணக்கு போடற ஷீட் போன்ல ஓபன் ஆகாது, லேப்டாப் வேணும். கடைசி வாரம் வெறும் சந்தேகம் கேக்கறதுதான்.

சேரணும்னு இருக்கறவங்க லோன் பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே சேந்துடுங்க. நாங்க இத முடிச்சுட்டு, வாங்கறதா இருந்த கடன் தொகைய குறைச்சோம், மாசாமாசம் வட்டி கட்டறதுன்னும் முடிவு பண்ணோம். பையன் அடுத்த வருஷம் காலேஜ் போறான், அவன்கூட இந்த தடவ அவங்கம்மா உக்காரப் போறாங்க.