பிச்சாவரத்தில் தில்லை மரம் பார்த்தோம்

சிதம்பரத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பு முழுவதையும் அங்கேயே முடித்தவன் நான். பிச்சாவரம் அலையாத்திக் (மாங்குரோவ்) காடு எங்கள் ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். அதற்குப் பக்கத்து ஊரான கிள்ளைக்குக் கல்யாணம், காதுகுத்து என்று எத்தனையோ தடவை போயிருக்கிறோம். அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் படகில் ஏறலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. மெல்போர்னில் 18 வருடம் ஓடிப்போன பிறகு, இந்த முறை ஜனவரியில் ஊருக்கு வந்தபோதுதான் 11 வயது மகளோடு முதல்முதலாக அந்தப் படகில் உட்கார்ந்தேன்.

போக வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். சென்னையில் அத்தை வீட்டில் இருந்தபோது தமிழ்நாடு சுற்றுலாத் துறை வெளியிட்ட படம் ஒன்றை யாரோ அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். பச்சைக் கூரை போட்ட மாதிரி மரங்கள், நடுவில் ஒரு சின்னப் படகு. "அப்பா, இது உங்க ஊர்ப் பக்கமாமே, ஏன் இத்தனை நாள் சொல்லவே இல்லை?" என்று கேட்டாள். அந்த வகையில் விளம்பரம் வேலை செய்திருக்கிறது. ஆனால் ஒரு படம் நம்மைக் கரை வரைக்கும்தான் கொண்டுவந்து விடும்.

காலையிலேயே படகுக் குழாமுக்குப் போய்விட்டோம். அதை நடத்துவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். 1971-இல் தொடங்கிய நிறுவனம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, முட்டுக்காடு படகுக் குழாம்களும், நாம் ஊர் ஊராகப் பார்க்கும் 'ஹோட்டல் தமிழ்நாடு' விடுதிகளும் இவர்களுடையவை. மோட்டார் படகு, துடுப்புப் படகு இரண்டும் உண்டு. போகிறவர்கள் துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் படகு அகலமான வாய்க்காலில்தான் போகும். கிளைகள் தலையில் உரசுகிற குறுகிய ஓடைக்குள் துடுப்புப் படகுதான் நுழையும்.

எங்களுக்குப் படகு ஓட்டிய அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. மகள் கையை நீட்டி ஒரு இலையைத் தொட்டதும், "பாப்பா, அந்த இலையில விரலைத் தேய்ச்சு நாக்குல வச்சுப் பாரு" என்றார். வைத்தாள். உப்பு! அலையாத்தி மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளிவிடுமாம். அப்புறம் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்களைக் காட்டினார். சுரபுன்னைக் கிளையில் முருங்கைக்காய் போலத் தொங்கியதைக் காட்டி, "இது காய் இல்லை, கன்னு. மரத்துலயே முளைச்சு, நேரா விழுந்து சேத்துல குத்திக்கும்" என்றார்.

ஒரு திருப்பத்தில் துடுப்பை நிறுத்தினார். பச்சை இலைகளுக்கு நடுவே நாலைந்து இலை மட்டும் நல்ல சிவப்பாகப் பழுத்திருந்த ஒரு மரம். "இதுதான் சார் தில்லை. ஒடிச்சிடாதீங்க, பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்."

நான் வாயடைத்துப் போனேன். நடராஜர் கோயிலுக்குத் தல விருட்சம் தில்லை என்பதும், ஊருக்கே தில்லை என்று பெயர் உண்டு என்பதும் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் தாத்தா பெயர் தில்லைநாதன். அந்த மரம் எப்படி இருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியாது. "கொள்ளுத்தாத்தா பேர்ல இருக்கே, அந்தத் தில்லையா?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு காலத்தில் ஊரே தில்லைக் காடாக இருந்தது, இன்று அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும் என்று அந்த அண்ணன் அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார்.

2004 சுனாமியைப் பற்றியும் பேசினார். கடல் நீர் இந்தக் காட்டுக்குள் புகுந்து வேகம் அடங்கிய பிறகே பின்னால் இருந்த குடியிருப்புகள் பக்கம் போனது, அதனால் பிழைத்தவர்கள் பலர் என்றார். 2022-இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது எனக்குச் செய்தியாகத் தெரியும். அவர் சொல்லிக் கேட்ட பிறகுதான் அது ஏன் என்று புரிந்தது.

இதைத்தான் நான் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடமும் சுற்றுலாத் துறையிடமும் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். அந்த அண்ணன் பேசியது டிக்கெட்டில் சேராதது. மனசு வந்து பேசினார். துடுப்புப் போடுகிறவர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, வழிகாட்டி என்று அடையாள அட்டை போட்டு, பேசுவதற்கும் சேர்த்து ஊதியம் கொடுங்கள். அவர்கள் சொல்லும் மரப் பெயர்களையும் நண்டு, பறவைப் பெயர்களையும் நல்ல தமிழில் ஒரே ஒரு தாளில் அச்சிட்டுப் படகு ஏறும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். வெளியூரில் வளரும் பிள்ளைக்கு அது ஒரு பாடப் புத்தகத்துக்குச் சமம்.

சுற்றுலாத் துறையின் சிரமமும் எனக்குப் புரிகிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் இந்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. பெரும்பாலான கோயில்கள் அறநிலையத் துறையின் கீழ். காடு வனத்துறைக்கு. கன்னியாகுமரியில் படகு விடுவது பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிடுவது ஒருவர், பந்தி பரிமாறுவது வேறு ஒருவர் என்ற நிலைமை. அதனால்தான் சொல்கிறேன், பிச்சாவரம் படகுக் குழாம் போலப் பந்தியும் அவர்கள் கையிலேயே இருக்கும் இடங்களில் முழு மனதோடு செய்து காட்டலாம்.

ஊருக்கு வரும் நம்மவர்களுக்குச் சில விஷயங்கள். மாமல்லபுரத்தில் இந்தியருக்கு நுழைவுக் கட்டணம் 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவர்களுக்கு இந்தியருக்கான கட்டணமே என்று 2021-இல் மத்திய அரசு அறிவித்துவிட்டது. எனவே அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அட்டையைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் 40 ரூபாய்க்குச் சீட்டுக் கொடுத்தார்கள். கடற்கரைக் கோயிலுக்கு வாங்கிய சீட்டே ஐந்து ரதங்களுக்கும் செல்லும்.

பணம் கட்டுவதில்தான் தடுமாற்றம். தங்குமிடத்துக்காக ஒரு தனியார் தளத்தில் என் ஆஸ்திரேலிய அட்டையைப் போட்டேன், மூன்று முறை மறுத்துவிட்டது. கடைசியில் சித்தப்பா மகன் தன் செல்போனிலிருந்து கட்டினான். வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கு இருந்தால் ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், கனடா போன்ற சில நாடுகளின் செல்போன் எண்ணிலேயே யூபிஐ எடுக்கலாம். கிளம்புவதற்கு முன்பே உங்கள் வங்கியில் கேட்டு முடித்துவிடுங்கள்.

கன்னியாகுமரிக்கும் போனோம். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம், 77 மீட்டர் நீளம். முன்பெல்லாம் நீர்மட்டம் குறைந்தால் சிலைக்குப் படகு போகாது, கரையிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இப்போது பாறையில் இறங்கி நடந்தே போய்விடலாம். காலுக்குக் கீழே அலை நுரைப்பதைப் பார்த்து மகள் முதலில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், பாதி தூரம் போனதும் விட்டுவிட்டு ஓடினாள். 133 அடிச் சிலையின் காலடியில் நின்று, அவளுக்குத் தெரிந்த குறள்களைச் சொல்லிப் பார்த்தாள்.

ஆனாலும் மெல்போர்ன் திரும்பியதும் பள்ளித் தோழிகளிடம் அவள் முதலில் சொன்னது உப்பு இலையைப் பற்றித்தான். படகிலிருந்து இறங்கும்போது அந்த அண்ணன், "அடுத்த தடவை விடியக்காலையிலேயே வந்துடுங்க சார், பறவைங்க அப்பதான் நிறைய இருக்கும்" என்றார். அவருடைய படகு எண்ணை மகள் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.