லாட் 127-ஆ, ‘இன்று’ பக்கமா? ரூட்டிங் முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம்

ஈரோட்டில் மஞ்சள் வியாபாரிகளுக்காக நாங்கள் எழுதிய ஏல ஆப்பில் மொத்தமே நாற்பது யூஆர்எல்தான். அடுத்த வெர்ஷனை எந்த ஃபிரேம்வொர்க்கில் (வெப் ஆப் எழுத உதவும் தயார் அடித்தளத்தில்) எழுதுவது என்று பேச உட்கார்ந்தபோது, டேட்டாபேஸைவிட ரூட்டிங்கைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். பிரவுசரிலிருந்து ஒரு முகவரி வருகிறது, அதை எந்த ஃபங்ஷனிடம் அனுப்புவது? கோவைக்கு வந்து இறங்குபவரிடம் பொள்ளாச்சிக்கு உக்கடம் போங்க, மதுரைக்குச் சிங்காநல்லூர் போங்க, ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் ரோடு போங்க என்று வழி சொல்கிறோமே, அதே வேலைதான். தப்பாகச் சொன்னால் அவர் ஊர் போய்ச் சேர மாட்டார்.

முதலில், ரூட்டை, அதாவது எந்த முகவரி எந்த ஃபங்ஷனுக்கு என்ற விதியை, எங்கே எழுதி வைப்பது என்பதில் மூன்று வழி இருக்கிறது.

பைத்தான் மொழியின் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் எல்லா முகவரியும் ஒரு பட்டியலாக ஒரு ஃபைலில் இருக்கும். ஆப் பெரிதானால் கிளைப் பட்டியல்களாகப் பிரித்துக்கொள்ளலாம். 2017 டிசம்பரில் 2.0 வரும் வரைக்கும் ஒவ்வொரு வரியையும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில்தான் (எழுத்து வடிவத்தைக் குறியீடுகளால் சொல்லும் முறை) எழுத வேண்டியிருந்தது. இப்போது ‘இங்கே எண் வரும்’ என்று சொன்னாலே போதும். ரூபி மொழியின் ரெயில்ஸும் பட்டியல் கட்சிதான், அதில் ஒரு ரிசோர்ஸை (ஏலம், வியாபாரி போன்ற ஒன்றை) ஒரே வரியில் சொன்னால் ஏழு ரூட் தானாக வந்துவிடும். பைத்தானிலேயே உள்ள ஃப்ளாஸ்க்கும் ஃபாஸ்ட்ஏபிஐயும் வேறு மாதிரி. ஃபங்ஷனின் தலைக்கு மேலேயே டெகரேட்டராக (ஃபங்ஷனோடு ஒட்டும் ஒரு குறிப்பு வரியாக) முகவரியை எழுதிவிடுகிறோம். எழுதும்போது இதைப்போலச் சுகம் வேறில்லை, முகவரியும் வேலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆறு மாதம் கழித்து ‘மொத்தம் என்னென்ன முகவரி இருக்கு?’ என்று ஒருவர் கேட்டால், ஃபைல் ஃபைலாகத் தேட வேண்டும், அல்லது ஃப்ளாஸ்க்கில் இருப்பதுபோல் பட்டியல் போட்டுத் தரும் கமாண்டை நம்ப வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில் ஃபோல்டர் அமைப்பே முகவரி, தனியாக எதுவும் எழுதத் தேவையில்லை. அந்தக் காலத்து பிஎச்பியும் இப்படித்தான், ஃபைல் பெயரே யூஆர்எல்.

பெரும்பாலான ஒப்பீடுகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. எங்களை அடித்தது இதற்கு அடுத்த கேள்வி. ஒரே முகவரிக்கு இரண்டு ரூட் பொருந்தினால் எது ஜெயிக்கும்?

போன சீசனில் நடந்தது. லாட் (ஏலத்துக்கு ஒன்றாக வரும் ஒரு தொகுதி சரக்கு) விவரப் பக்கத்துக்கு ‘/லாட்/எண்’ என்று ஒரு ரூட். அப்புறம் வியாபாரிகள் கேட்டார்கள் என்று, அன்றைய ஏல விலையைக் காட்ட ‘/லாட்/இன்று’ என்று இன்னொன்றைச் சேர்த்து, ஃபைலின் அடியில் போட்டோம். நாங்கள் பயன்படுத்திய ரூட்டர், அதாவது முகவரியை ரூட்டுகளோடு ஒப்பிடும் பகுதி, மேலிருந்து கீழே வரிசையாகப் பார்ப்பது. ‘இன்று’ என்ற சொல்லையே லாட் எண் என்று எடுத்துக்கொண்டது. எங்கள் டெஸ்ட்டில் அந்தப் பக்கத்தைச் சேர்க்கவே இல்லை. ஏல நாள் காலையில் ஒரு குமாஸ்தா கூப்பிட்டார்: “ஏனுங் தம்பி, இன்னைக்கு வெலைன்னு அமுத்துனா நம்பர் தப்புங்குதுங்க.” இரண்டு ரூட்டையும் மேலும் கீழுமாக மாற்றிப் போட்டதும் சரியானது. அதற்குள் அந்த நேரத்து ஏலம் முடிந்திருந்தது.

இந்த இடத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஜாவாஸ்கிரிப்டின் எக்ஸ்பிரஸ்ஸும் ஃபாஸ்ட்ஏபிஐயும் எழுதிய வரிசைப்படி பார்க்கும், முதலில் பொருந்துவது எடுத்துக்கொள்ளும். ஜாங்கோவும் வரிசைதான், ஆனால் ‘எண்’ என்று சொல்லிவிட்டால் எழுத்து வந்தால் பொருந்தாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். ஃபாஸ்ட்ஏபிஐயில் ஃபங்ஷனின் பாராமீட்டரில் மட்டும் ‘எண்’ என்று எழுதினால் ரூட் முதலில் பொருந்திவிடும், அதன் பிறகுதான் எண்ணா என்று சோதித்து 422 பிழையை (அனுப்பிய தகவல் சரியில்லை என்ற பதிலை) தரும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் நடத்தையில் பெரிய வித்தியாசம். ஃப்ளாஸ்க்கில் எழுதிய வரிசை பெரிதில்லை, நிலையான சொல் இருக்கும் ரூட்டுக்கு அதுவே முன்னுரிமை தருகிறது. நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸும் அப்படியே.

எனக்கு மிகவும் பிடித்தது கோ மொழியின் வழி. 2024 பிப்ரவரியில் வந்த 1.22-இல் அதன் சொந்த ரூட்டரே குறுகலாகப் பொருந்தும் முகவரிக்கு முதலிடம் கொடுக்க ஆரம்பித்தது. லாட்டுக்குப் பின் எதுவும் வரலாம் என்று ஒன்றும், எதற்குப் பின்னும் ‘இன்று’ வரலாம் என்று இன்னொன்றும் எழுதினால், எது அதிகக் குறுகலானது என்று அதனால் தீர்மானிக்க முடியாது. அப்போது அது ஊகிக்காமல், சர்வர் கிளம்பும்போதே பேனிக் ஆகி நின்றுவிடும். பிழை நம் மேஜையிலேயே தெரிந்துவிடுகிறது, மண்டியில் இருப்பவர் போன் செய்து சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் முகவரி வைக்க நினைப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘மஞ்சள்’ என்ற சொல் யூஆர்எல்லில் பர்சென்ட் குறியீடாக (% சேர்ந்த எழுத்து-எண்களாக) மாறும்போது 54 எழுத்தாகும், வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சில நேரம் அப்படியே நீளமாகத் தெரியும். அதுகூடப் பரவாயில்லை. ஜாங்கோவின் ‘ஸ்லக்’ வகை (தலைப்பிலிருந்து செய்யும் முகவரித் துண்டு) ஆங்கில எழுத்து, எண், கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். யூனிகோடை (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும்) அனுமதித்து தலைப்பிலிருந்து ஸ்லக் செய்யச் சொன்னால் பைத்தானின் எழுத்து வரையறை புள்ளியையும் உயிர்க்குறியையும் எழுத்தாகவே எண்ணாமல் உதிர்த்துவிடுகிறது. மஞ்சள் வகைகளில் ‘விரலி’ ‘வரல’ ஆகிறது, ‘கிழங்கு’ ‘கழஙக’ ஆகிறது. விரலிக்கும் கிழங்குக்கும் தனித்தனி விலை பேசும் ஊரில் இதைப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. தமிழ் முகவரிக்கு எந்த எழுத்தையும் ஏற்கும் ‘ஸ்ட்ரிங்’ வகையை வைத்துக்கொண்டு, ஸ்லக்கை நாமே எழுதிக்கொள்வதுதான் வழி.

கடைசியில் ஜாங்கோவையே எடுத்தோம். கோவின் கறார்த்தனம் எனக்கு இன்னும் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆபீஸில் நான்கு பேருக்குப் பைத்தான் கை வந்த மொழி, கோ தெரிந்தவர் ஒருவர்தான். பெருந்துறையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண், முதல் நாளே அந்த ஒரு ஃபைலைப் படித்துவிட்டு, ‘ஏல முடிவுப் பக்கம் ரெண்டு எடத்துல இருக்குதுங்ண்ணா’ என்று காட்டினாள். டெகரேட்டரில் சிதறிக் கிடந்திருந்தால் அது அவள் கண்ணில் பட்டிருக்காது. நிலையான சொல் மேலே, மாறுவது கீழே என்று வரிசை போட்டு, நாற்பது முகவரிக்கும் ஒவ்வொரு டெஸ்ட் எழுதியிருக்கிறோம். பழைய லிங்க்குகள் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றுகின்றன. அவை எல்லாவற்றுக்கும் 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்ற பதில்) போட்டுப் புதிய பக்கத்துக்கு அனுப்பும் வேலை இந்த வாரம் நடக்கிறது.