தகடு வெட்டும் முன் தவறைப் பிடிக்க எது உதவும்: மென்பொருளா, ஆபரேட்டரா, முதல் பீஸா?

2 மி.மீ. சி.ஆர்.சி.ஏ. (குளிர் உருட்டிய லேசான ஸ்டீல்) தகட்டில் ஒரு சி சேனலை எடுத்துக்கொள்வோம். அடி 120, இருபக்கச் சுவர் 30, அவற்றின் மேல் உள்பக்கமாக மடங்கும் ரிட்டர்ன் 25. எல்லாம் வெளியளவு, மி.மீட்டரில். கன்ட்ரோல் பேனல் கதவு தளராமல் இருக்க உள்ளே பற்றவைக்கும் சாதாரண பீஸ்தான். திரையில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இதற்குள் இரண்டு தவறுகள் ஒளிந்திருக்கின்றன. எந்த வழி எதைப் பிடிக்கிறது என்று இந்த ஒரே பீஸை வைத்தே பார்த்துவிடலாம்.

முதல் தவறு விரிப்பளவில், அதாவது மடக்கும் முன் தட்டையாக வெட்டும் நீளத்தில். டிசைனர் உள்வளைவு ஆரம் 1 மி.மீ., கே ஃபேக்டர் (வளையும்போது நீளம் மாறாத கோடு உள்பக்கத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கில் இருக்கிறது என்பது) 0.44 என்று போட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் 90 டிகிரி பெண்ட் ஒன்றுக்குக் கழிவு, அதாவது வெளியளவுகளின் கூட்டலிலிருந்து கழிக்க வேண்டியது, 3.05 மி.மீ. ஆனால் ஷாப்பில் 2 மி.மீ. தகட்டுக்கு 16 மி.மீ. வி டைதான் (பன்ச் மேலிருந்து தகட்டை அழுத்தும் வி வடிவப் பள்ளம்) போடுவார்கள். டையின் அடியில் தகடு படாமல் காற்றில் வளைக்கும்போது உள் ஆரத்தைத் தீர்மானிப்பது பன்ச் முனை அல்ல, டையின் வாய் அகலம். லேசான ஸ்டீலுக்கு அது வாய் அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, அதாவது 2.6 மி.மீ. அதன்படி கழிவு 3.73. ஒரு பெண்டுக்கு 0.69 வித்தியாசம். நான்கு பெண்டுக்கு 2.75 மி.மீ. தகடு அதிகம். ஆபரேட்டர் ரிட்டர்னையும் சுவரையும் பேக் கேஜ் (தகட்டைப் பின்னால் நிறுத்தும் தடுப்பு) வைத்துச் சரியாக மடக்கிவிடுவார், மிச்சம் முழுவதும் அடியில் போய்ச் சேரும். 120 வர வேண்டிய இடத்தில் 122.75 வரும். பொதுத் தளர்வுக்கான ஐ.எஸ்.ஓ. 2768 தரத்தின் நடுத்தர வகுப்பு இந்த அளவுக்கு விடும் தளர்வு வெறும் ±0.3.

இரண்டாவது தவறு: மடக்கவே வராது. ரிட்டர்னை முதலில் மடக்கி, பிறகு சுவரை மடக்கும்போது, பெண்ட் முடியும் நேரத்தில் சுவர் 45 டிகிரியில் நிற்கும். 30 சுவரும் 25 ரிட்டர்னும் சேர்ந்தால், வளைவு முனைக்கு மேல் சுமார் 39 மி.மீ. உயரத்தில் ரிட்டர்ன் நுனி பன்ச்சின் நடுக்கோட்டுக்கு வெறும் 2 முதல் 3.5 மி.மீ. தூரத்தில் வந்து நிற்கும். நேர் பன்ச்சின் உடம்பு அந்த இடைவெளியில் அடங்காது, முட்டும். வாத்துக்கழுத்து போல உள்வாங்கிய கூஸ்நெக் பன்ச் வேண்டும். அது ஷாப்பில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

டிசைன் மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் விதிச் சோதனை. சாலிட்ஒர்க்ஸ் டிசைன் மென்பொருளோடு வரும் டி.எஃப்.எம். எக்ஸ்பிரஸ், தனியாக வாங்கும் டி.எஃப்.எம். ப்ரோ ஆகியவை இந்த வகை. இவற்றில் உள்ள விதிகளைப் பொறுத்து, துளை பெண்டுக்கு மிக அருகில் இருக்கிறதா, துளை தகட்டு விளிம்பை ஒட்டியிருக்கிறதா, பெண்ட் ஆரம் நீங்கள் விதியில் போட்ட குறைந்தபட்சத்துக்குக் கீழா என்பதையெல்லாம் சில நொடிகளில் சொல்லிவிடும். துளை விளிம்பிலிருந்து பெண்ட் தொடங்கும் இடம் வரை தடிமனைப்போல் இரண்டரை மடங்கோடு ஆரத்தையும் சேர்த்து விட வேண்டும் என்பது வழக்கம். நம் தகட்டுக்கு அது 7.6 மி.மீ. அதற்குள் போனால் துளை முட்டை வடிவாக இழுபடும். நூறு துளை உள்ள பேனலில் இதைக் கண்ணால் தேடுவது வீண் வேலை, மென்பொருளே செய்யட்டும். ஆனால் மேலே சொன்ன இரண்டு தவறுகளில் ஒன்றையும் இது பிடிக்காது. ஆரம் 1 என்று நீங்கள் சொன்னால் 1 என்றே நம்பும், மடக்கும் வரிசை பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பச்சை டிக் விழுந்தது என்று ரிலீஸ் செய்வதில்தான் நிறைய ஸ்கிராப் பிறக்கிறது.

பிரஸ் பிரேக் (தகடு மடக்கும் மெஷின்) தயாரிப்பாளர்கள் தரும் பெண்டிங் சிமுலேஷன் வேறு ரகம். இதில் ஷாப்பில் உள்ள பன்ச், டை, பன்ச்சைத் தாங்கும் பீம், பேக் கேஜ் எல்லாம் உருவமாகவே இருக்கும். எந்த வரிசையில் மடக்கினால் எங்கே முட்டும் என்று காட்டும். நம் சேனலின் இரண்டாவது தவறு இங்கே கையும் களவுமாகப் பிடிபடும். டை 16 என்று தெரிவதால் விரிப்பளவும் திருந்தும். ஒரே நிபந்தனை, டூல் பட்டியல் உண்மையாக இருக்க வேண்டும். தேய்ந்துபோய் ஓரத்தில் கிடக்கும் கூஸ்நெக் பட்டியலில் இன்னும் இருந்தால், சிமுலேஷன் அதைப் போட்டே பாஸ் செய்துவிடும்.

ஆன்லைனில் ஃபைலைப் போட்டதும் விலையோடு வரும் தானியங்கிச் சோதனை அந்த நிறுவனத்தின் மெஷினுக்கு மட்டும் பொருந்தும். வேறு இடத்தில் மடக்கப்போகிறீர்கள் என்றால் அதை நம்ப வேண்டாம்.

இனி ஆபரேட்டர். பத்து வருடம் பிரேக்கில் நின்றவரிடம் ட்ராயிங்கையும், அட்டையில் வெட்டி மடித்த ஒரு மாதிரியையும் கொடுத்தால் போதும். அட்டையை விரலால் மடக்கியபடியே “இந்த ரிட்டர்ன் இடிக்கும் சார், 15க்குக் குறைச்சுக் குடுங்க” என்று சொல்லிவிடுவார். 15 ஆனால் நுனி நடுக்கோட்டிலிருந்து சுமார் 10 மி.மீ. விலகிவிடும். எந்த மென்பொருளும் கேட்காத கேள்விகளும் வரும்: ஸ்டெயின்லெஸ் என்றால் பாதுகாப்பு ஃபிலிம் எந்தப் பக்கம், பர் (வெட்டு விளிம்பில் நிற்கும் பிசிறு) உள்ளே போகலாமா, ரிட்டர்ன் மடக்கிய பிறகு கிளிஞ்ச் நட் (தகட்டில் அழுத்திப் பதிக்கும் நட்) அடிக்கும் டூல் உள்ளே போகுமா, பவுடர் கோட்டிங்கில் மாட்டித் தொங்கவிட ஓட்டை எங்கே. அரை மணி நேரத்தில் இவ்வளவு கிடைக்கும். அவரால் முடியாதது நூறு துளையை எண்ணிச் சரிபார்ப்பதும், 0.69 என்ற வித்தியாசத்தைக் கண்ணால் பார்ப்பதும்.

அந்த 0.69க்கு மருந்து தனி. அதே தகட்டில் 100 நீளம், 50 அகலத்தில் மூன்று துண்டு வெட்டி, வேலைக்கு எந்த டையோ அதிலேயே நடுவில் 90 டிகிரி மடக்குங்கள். இரு கால்களின் வெளியளவையும் வெர்னியரில் அளந்து கூட்டி 100ஐக் கழியுங்கள். 51.9, 51.8 என்று வந்தால் கழிவு 3.7. அந்த எண்ணைப் பெண்ட் டேபிளில் (கழிவுப் பட்டியலில்) ஏற்றிவிட்டால் டிசைன் மென்பொருளும் ஷாப்பும் ஒரே மொழி பேசும். கோணம் 90 வராமல் அளந்தால் எண் பொய் சொல்லும், முதலில் ஸ்பிரிங்பேக்கை (அழுத்தத்தை விட்டதும் தகடு சற்றுத் திரும்புவதை) சரிக்கட்டுங்கள்.

முதல் பீஸ் போட்டுப் பார்ப்பதில் ஏறக்குறைய எல்லாமே வெளிப்படும். ஆனால் அதற்குள் லேசர் புரோகிராம், டூல் செட்டிங், மெஷின் நேரம் எல்லாம் செலவாகியிருக்கும். அதைவிட மோசம், லேசர் ஆபரேட்டர் ஷீட் வீணாகாமலிருக்க மொத்த லாட்டையும் ஒரே நெஸ்டிங்கில் (ஷீட்டில் எல்லாத் துண்டையும் நெருக்கி அடுக்கி) வெட்டிவிடுவது. அப்போது முதல் பீஸில் தவறு தெரிந்தாலும் மீதி எல்லாம் வெட்டியாகிவிட்டது. முதல் பீஸ் என்றால் அந்த ஒன்றை மட்டும் வெட்ட வேண்டும்.

பத்து, இருபது பீஸ் வேலைக்கு டெஸ்ட் துண்டும் ஆபரேட்டரிடம் அரை மணி நேரமும் போதும், சிமுலேஷனுக்குக் காசு போட வேண்டாம். மாதாமாதம் புதுப்புது பேனல் ட்ராயிங் வரும் இடத்தில் சிமுலேஷன் தன் விலையைச் சம்பாதித்துவிடும். விதிச் சோதனை இரண்டு இடத்திலும் இருக்கட்டும், ஆனால் முதலில் ஓட்டி முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள். தகடு சப்ளையர் மாறினாலோ, 16க்குப் பதில் 12 டை போட்டாலோ, மூன்று துண்டை மறுபடி வெட்டி மடக்கிப் பார்த்துப் பெண்ட் டேபிளைத் திருத்த வேண்டும். டை எண்ணை ட்ராயிங்கிலேயே எழுதி வைத்தால் அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் வேறு டை போடமாட்டார்.