கற்போர் அகராதியுடன் பல ஆண்டுகள்

ஆங்கில வாசிப்பையும் எழுத்தையும் மேம்படுத்திக்கொள்ள விரும்பும் நண்பர் ஒருவர், ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் தரும் கற்போர் அகராதி ஒன்றை வாங்கலாமா, அது நெடுங்காலம் பயன்படுமா என்று கேட்டிருந்தார். அத்தகைய அகராதியைப் பல ஆண்டுகளாக மேசையிலேயே வைத்துப் புழங்கிவருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எத்தனை சொற்கள், எத்தனை பக்கங்கள், ஒலிப்புக் குறிகள் உண்டா என்பவையெல்லாம் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும் என்பதால் அவற்றுக்குள் நான் போகவில்லை. முன்னணிப் பதிப்பகங்களின் அகராதிகள் யாவும் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் அமைந்தவை. எனவே இங்கே நான் சொல்வது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எல்லோரும் இதைச் சொற்பொருள் பார்ப்பதற்காகவே வாங்குகிறார்கள். என்னை இத்தனை காலம் இதனோடு கட்டிப்போட்டிருப்பவையோ பொருளுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் இலக்கணக் குறிப்புகள். 'அட்வைஸ்' என்ற சொல்லின் பொருள் பள்ளி மாணவருக்கும் தெரியுமாதலால் அதை அகராதியில் புரட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் அது ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாத பெயர்ச்சொல் என்பதைக் காட்டும் 'யு' என்ற ஒற்றை எழுத்தை ஒருமுறை கவனித்தவர், பிறகு 'ஆன் அட்வைஸ்' என்றோ 'அட்வைசஸ்' என்றோ எழுதத் துணியமாட்டார். 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்றுதான் எழுதுவார். 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்' ஆகியவையும் இதே இனத்தைச் சேர்ந்தவை. ஒன்றைப் பற்றி விவாதித்தோம் என்று தமிழில் எண்ணி எழுதுபவரின் கை 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னால் தானாகவே 'அபவுட்' என்பதைச் சேர்க்கும். அந்த வினை செயப்படுபொருளை நேரடியாகவே ஏற்கும் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களால் உணர்த்தும் அகராதி, 'அபவுட்' சேர்க்கக் கூடாது என்று தனியே எச்சரிக்கவும் செய்கிறது. 'சஜஸ்ட்' என்ற சொல்லுக்கான பதிவு இன்னும் நுட்பமானது. அதற்குப் பின் 'டூயிங்' போன்ற வடிவம் வரலாம், 'தட்' என்று தொடங்கும் துணைவாக்கியம் வரலாம், யாருக்குப் பரிந்துரைக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டுமானால் 'டு' வர வேண்டும் என்று மூன்று வழிகளையும் அது வரிசையாகக் காட்டும்போது, நாள்தோறும் கண்ணில் படும் 'சஜஸ்ட் மீ எ புக்' என்ற தொடர் எங்கே இடறுகிறது என்பது விளங்கிவிடுகிறது. எழுத்தில் நேரும் பிழைகளில் பெரும்பங்கு இப்படி நன்கு தெரிந்த சொற்களிலேயே நேர்கிறது என்பதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து, தெரியாத சொற்களைக் காட்டிலும் தெரிந்த சொற்களைத்தான் நான் அதிகமாகப் பார்த்துவருகிறேன்.

இந்தக் குறிப்புகள் தற்செயலாக வந்து சேர்ந்தவை அல்ல. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடைய தோழர்கள் இருவரும், பிறமொழி பேசும் மாணவர்கள் எழுதுவதற்கு உதவ வேண்டும் என்ற நோக்கத்தோடு தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. ஒவ்வொரு வினையும் எந்த வாக்கிய அமைப்பை ஏற்கும் என்பதை 25 வகைகளாகப் பகுத்துக் காட்டியதே அதன் தனிச்சிறப்பு. ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லாப் பொருள் விளக்கங்களையும் எழுதும் முறையை 1978இல் லாங்மன் அகராதி கைக்கொண்டதும், கணினியில் திரட்டிய உண்மையான வாக்கியங்களை அடிப்படையாகக் கொண்டு 1987இல் கோபில்ட் அகராதி வந்ததும் பிற்கால வளர்ச்சிகள். பயிற்றுவித்தவர்கள் மாணவர்களின் இடர்ப்பாட்டை அருகிலிருந்து பார்த்துச் செய்த நூல் என்பதால்தான் இது நாம் தடுக்கி விழும் இடத்தைச் சரியாக அறிந்துவைத்திருக்கிறது.

இவ்வளவு பாராட்டிய பிறகும் என் கோபம் தீராத ஓர் இடம் உண்டு. மரபுத்தொடர்களை அகராதியில் எந்தச் சொல்லின் கீழ் தேடுவது என்பது இன்றுவரை எனக்குச் சலிப்பூட்டும் வேலையாகவே இருக்கிறது. 'டேக் சம்திங் ஃபார் கிராண்டட்' என்ற தொடரைப் பார்க்க விரும்புபவர் இயல்பாக 'டேக்' என்ற சொல்லுக்குத்தான் போவார். அந்தச் சொல்லுக்கான விளக்கமோ பத்தி பத்தியாக நீள்கிறது. மயிர்க்கோடு போன்ற எழுத்துகளில் அதன் கடைசி வரை தேடிக் களைத்த பிறகு, அத்தொடர் 'கிராண்ட்' என்ற சொல்லின் கீழ் அமைதியாக உட்கார்ந்திருப்பது தெரியவரும். மிகப் பொதுவான வினைகளை விட்டுவிட்டு அடுத்த முக்கியச் சொல்லின் கீழ் தருவது அகராதி தொகுப்பவர்கள் பின்பற்றும் விதி என்பதும், அந்த விதி எங்கோ முகவுரைப் பக்கங்களில் விளக்கப்பட்டிருப்பதும் உண்மைதான். எனினும், ஒரு தொடரின் பொருள் தெரியாதவருக்கு அதில் எது முக்கியச் சொல் என்பது எப்படித் தெரியும்? கற்போருக்காகவே செய்யப்பட்ட நூலில் இந்தக் குறையை மன்னிக்க மனம் வரவில்லை. கைப்பேசிச் செயலியில் தொடரை அப்படியே தட்டச்சு செய்து தேடலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியைக் கையில் எடுத்தால் அது நம்மை வேறெங்கோ இழுத்துச் சென்றுவிடுகிறது.

அகராதியின் முழுப் பயனையும் எனக்குக் காட்டியது அமெரிக்கத் தலைவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளமையில் மேற்கொண்ட பயிற்சி. தமக்குப் பிடித்த இதழொன்றில் வந்த கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிவைத்து, சில நாள் கழித்து அக்குறிப்புகளை மட்டும் கொண்டு கட்டுரையை மீண்டும் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டதாக அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். அதே போல ஒரு பக்க அளவுள்ள கட்டுரையை எடுத்துச் செய்துபார்த்தால், கருத்து பிசகாமல் வந்திருக்கும். 'த', 'எ' ஆகியவற்றிலும், 'இன்', 'ஆன்', 'அட்' போன்ற முன்னிடைச் சொற்களிலும் மட்டும் மூலத்துக்கும் நம் எழுத்துக்கும் வேறுபாடு மீண்டும் மீண்டும் தென்படும். மூல ஆசிரியர் ஏன் அப்படி எழுதினார் என்ற கேள்வியோடு அகராதியைத் திறக்கும்போது கிடைக்கும் விடை எளிதில் மறப்பதில்லை. பிழைகளைத் தானே திருத்தித் தரும் மென்பொருள்களையும் பயன்படுத்தியிருக்கிறேன். அவற்றின் திருத்தத்தை ஒரு சொடுக்கில் ஏற்றுக்கொண்டு நகர்வது எளிது என்பதாலேயே, அதே பிழை அடுத்த வாரமும் அதே இடத்தில் வந்து நிற்கிறது.

படிக்கும்போது நிலைமை வேறு. வாசகர் பிறர் உதவியின்றி ஒரு நூலைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் முதலான ஆய்வாளர்களின் கணிப்பு. அதாவது ஐம்பது சொற்களுக்கு ஒன்று மட்டுமே புதிதாக இருக்கலாம். பத்துச் சொற்களுக்கு ஒன்று புரியாத நாவலை அகராதியின் துணையோடு கடந்துவிடலாம் என்று உட்காருபவர், வரிக்கு ஒருமுறை நூலை மூடி அகராதியைத் திறந்து, பக்கத்தின் அடியை அடையும்போது தொடக்கத்தில் யார் பேசினார்கள் என்பதையே மறந்திருப்பார். சில வாரங்களில் நாவல், அகராதி இரண்டுமே அலமாரிக்குப் போய்விடும். ஆர்வத்தோடு தொடங்கிய பலர் இப்படிக் கைவிட்டதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஆகவே, இவ்வளவு புகழ்ந்த பொருளை இப்போது வாங்க வேண்டாம் என்றுதான் நண்பருக்குச் சொல்கிறேன். சொல்வளத்தை வரம்பிட்டு எழுதப்பட்ட படிநிலை வாசிப்பு நூல்களில் தமக்குச் சற்று எளிதாகவே தோன்றும் நிலையைத் தேர்ந்தெடுத்து, அகராதி இல்லாமல், கதைக்காகவே முதலில் அவர் படிக்கட்டும். ஒவ்வொன்றையும் முடித்தபின் அரைப் பக்கமாவது தம் சொந்த வாக்கியங்களில் எழுதட்டும். எழுதிய வாக்கியம் சரிதானா என்ற ஐயம் அவரை உறுத்தத் தொடங்கும்போது அகராதியை வாங்கலாம். அப்போது பழைய பதிப்பு கிடைத்தாலும் தயங்க வேண்டியதில்லை. புதிய சொற்களுக்காகப் பதிப்புகள் மாறுகின்றனவே தவிர, 'டிஸ்கஸ்', 'சஜஸ்ட்' போன்ற வினைகளின் அமைப்பு எல்லாப் பதிப்புகளிலும் ஒன்றுதான்.