நெல் வாங்க இரண்டு வழி: சிறிய ஆலைக்காரர் எதைத் தெரிவுசெய்வது?

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில், சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ சிறிய அரிசி ஆலை தொடங்குகிறவர், இயந்திரம் வாங்குவதற்கு முன்பே, நெல்லை எப்படி வாங்குவது என்று தீர்மானித்துவிட வேண்டும். பெரும்போக விதைப்பின்போது முற்பணம் கொடுத்து அப்போதே விலையைக் கட்டிக்கொள்வது ஒரு வழி. அறுவடை நாளில் அன்றைய விலைக்கு வாங்குவது மற்றது.

முற்பணத்தை நான் குறைசொல்ல மாட்டேன். வங்கி கைவிட்ட விவசாயிக்கு உரமும் மருந்தும் அதனால்தான் கிடைக்கின்றன. இஸ்லாமிய வணிகச் சட்டம் ஸலம் என்ற பெயரில் முன்விற்பனையை அனுமதிக்கிறது; ஆனால் முழு விலையும் உடனே கைமாற வேண்டும், அளவும் தரமும் ஒப்படைக்கும் நாளும் திட்டமாக இருக்க வேண்டும். உரத்துக்கான காசை மட்டும் கடனாகக் கொடுத்துவிட்டு முழு விளைச்சலுக்கும் விலையை இறுக்குவது அந்த வகையில் சேராது. வழியற்று நிற்பவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அன்றைய விலைக்கு வாங்குவது நேர்மையாகத் தெரிந்தாலும் அதிலும் ஓர் ஓட்டை உண்டு: ஈரக் கழிவு, அதாவது நெல்லின் ஈரத்துக்காக எடையில் கழிப்பது. முன்பு கதிரை வெட்டிச் சூடாக, அதாவது குவியலாக அடுக்கிக் காயவிட்டார்கள். இப்போது இயந்திரம் வெட்டியதும் ஈர நெல் நேரே வரம்போரத்து லொறிக்குப் போகிறது, காயவைக்க இடமில்லாத விவசாயி அன்றே விற்றாக வேண்டியிருக்கிறது. அரச கொள்வனவு ஏற்கும் ஈரப்பதம் 14 சதவீதம். 20 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல் அந்த அளவுக்குக் காய்ந்தால் ஏறத்தாழ 930 கிலோ நிற்கும். ஆகவே நியாயமான கழிவு 70 கிலோ. ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு "நூறு கழிப்பம்" என்றால், மிகுதி 30 கிலோ விவசாயியின் நெல். 2025இல் நாட்டரிசி நெல்லுக்கு அரசு அறிவித்த கிலோ 120 ரூபாயில் அது 3,600 ரூபாய்.

ஆகவே நான் தெரிவுசெய்வது இரண்டையும் பிரித்துச் சேர்த்த வழி: முற்பணம் கொடுக்கலாம், விலை ஒப்படைக்கும் நாளின் விலையாகவே இருக்க வேண்டும், ஈரமானி விவசாயியின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இதில் ஆலைக்காரருக்கு இலாபம் குறையும். விலை விழுந்த ஆண்டில் முற்பணத்தின் மீதி சிறுபோகத்துக்குத் தள்ளிப்போகும். அதைத் தாங்க முதல் போதாதவர் பத்து ஏக்கருக்குக் கொடுக்க நினைத்ததை நான்கு ஏக்கருக்குக் கொடுத்துத் தொடங்கட்டும்.