படர்தாமரைக்கு ஆன்லைனில் மாத்திரை வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

நேற்று ராத்திரிதான் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 5,940 ரூபாய் கொடுத்து வினையை விலைக்கு வாங்கியிருக்கிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அவர் லாரி டிரைவர். எங்கள் நாமக்கல் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அந்தத் தொழில்தான். என்ஜின் சூடு, வியர்வை, ஒரே பேன்ட்டோடு நான்கு நாள். தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வட்ட வட்டமாகப் படர்தாமரை. மெடிக்கலில் வாய்ச்சொல்லாகக் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினால் மூன்று நாளில் அரிப்பு அடங்கும். விட்டால் முன்பைவிடப் பெரிய வட்டமாக வரும். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது என்பதும், அது அரிப்பை மட்டும் அமுக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும் என்பதும் இப்போதுதான் தெரியும். டாக்டரிடம் போகலாம் என்றால் "அதையெல்லாம் எப்படிக் காட்டுவது" என்று மனுஷனுக்கு வெட்கம்.

அந்த நேரம் பார்த்து போனில் விளம்பரம் வந்தது. தோல், முடிப் பிரச்சினைகளுக்கு மட்டும் மருந்து விற்கிற வலைத்தளம். பேர் சொல்ல மாட்டேன், இந்த மாதிரி பத்து இருக்கிறது. நம்பரைக் கொடுத்த ஐந்தாவது நிமிஷம் ஒரு பெண் கூப்பிட்டாள். "வெட்கப்படாதீங்கக்கா, எங்கப்பாவும் டிரைவர்தான், அவருக்கும் இதேதான் இருந்துச்சு, எங்க மாத்திரையிலதான் போச்சு" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். எங்கப்பாவும் டிரைவர்தானாம்! இப்போது யோசித்தால், நான் ஆசிரியர் வீடு என்று சொல்லியிருந்தால் அவள் அப்பாவும் ஆசிரியராகியிருப்பார்.

டாக்டர் என்று ஒருவர் பேசினார். போனில் பார்த்தேன், 3 நிமிஷம் 10 விநாடி. எத்தனை நாளாக இருக்கிறது, எங்கே இருக்கிறது, போட்டோ அனுப்புங்கள். அவ்வளவுதான். வீட்டுக்காரர் வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்கவே இல்லை. நான் அடுப்பங்கரையில் நின்றுதான் பேசினேன். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அவருடைய கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டை என் கண் எதிரே இருந்தது. கேட்டிருந்தால் கையை நீட்டி எடுத்துப் படித்திருப்பேன். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று நானாகத்தான் கேட்டேன். "எப்ப வேணும்னாலும் போடலாம்" என்றார். அவர் எழுதிக்கொடுத்த கேப்சூல் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டியது, வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. அதுகூடத் தெரியாதவரை டாக்டர் என்று நம்பியிருக்கிறேன்.

பணம் கட்டினேன், 5,940. இரண்டு நாளில் பெட்டி வந்தது. இட்ராகோனசோல் என்ற பூஞ்சை கேப்சூல், ஒரு களிம்பு, ஒரு சோப்பு, ஒரு பவுடர். கேப்சூல் அட்டையின் பின்னால், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. சீட்டுதான் பெட்டிக்குள் இருக்கிறதே என்று அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. பாம்பே லோடுக்குக் கிளம்பியவர் பையில் சாப்பாட்டு டப்பாவோடு மாத்திரையையும் வைத்து அனுப்பினேன். கொலஸ்ட்ரால் மாத்திரையும் அதே பையில்.

பன்னிரண்டாம் நாள் ஹூப்ளி தாண்டி ஒரு தாபாவிலிருந்து கூப்பிட்டார். "கிளட்ச் மிதிக்க முடியலடி. யாரோ தொடையில கட்டையால அடிச்ச மாதிரி இருக்கு." சூட்டு வலி, தண்ணி குடிங்க என்றேன். அப்புறம்தான் சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போகிறது என்றார். மாற்று டிரைவர் வண்டியை ஓட்டி ஊர் கொண்டுவந்து சேர்த்தார். நேரே அரசு ஆஸ்பத்திரி. ரத்தத்தில் சிகே என்று ஒன்று பார்த்தார்கள். தசை சிதைந்தால் கூடுமாம். இருநூறு சொச்சத்துக்குள் இருக்க வேண்டியது நான்காயிரத்தைத் தாண்டியிருந்தது. டாக்டரம்மா முதலில் கேட்டதே "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறாரு? எல்லா அட்டையையும் எடுங்க" என்பதுதான். பார்த்த உடனே இரண்டையும் நிறுத்தச் சொன்னார். அவருடைய கொலஸ்ட்ரால் மாத்திரையான அடோர்வாஸ்டேட்டினை உடம்பு கரைத்து வெளியேற்றுகிற வேலையைக் கல்லீரலில் ஒரு நொதி செய்கிறது. இட்ராகோனசோல் அந்த நொதியைத் தடுத்துவிடும். அப்போது கொலஸ்ட்ரால் மாத்திரை ரத்தத்தில் ஏறிப்போய்த் தசையைச் சிதைக்கும், சிதைந்தது சிறுநீரகத்தில் போய் அடைக்கும். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி ஏற்றித்தான் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள். பெட்டியில் வந்த களிம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார். குளோபெட்டசோல். அதிலும் ஸ்டீராய்டு!

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றே அந்த வலைத்தளத்துக்குக் கூப்பிட்டேன். எங்கப்பாவும் டிரைவர் என்று சொன்னவள் வேலையை விட்டுவிட்டாளாம். இன்னொருவன் "டிக்கெட் போட்டிருக்கோம் மேடம், 48 மணி நேரம்" என்றான். டிக்கெட் என்றால் புகார்ப் பதிவாம். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டால் அது முடிந்துவிட்டதாம். பிரித்த மருந்துக்குப் பணம் திரும்ப வராதாம். மாத்திரையால்தான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்றான். கடைசியாகப் பேசிய மேனேஜர்தான் என் வயிறு எரிய வைத்தவர். "சீட்டைப் பாருங்க மேடம், வேற மருந்து இல்லைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க" என்றார்.

அப்போதுதான் அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'தற்போது உட்கொள்ளும் மருந்துகள்: இல்லை. கல்லீரல் நோய்: இல்லை. இதய நோய்: இல்லை.' மூன்றும் அச்சடித்து வந்திருக்கிறது. மூன்றில் ஒன்றைக்கூட என்னிடம் கேட்கவில்லை. 52 வயது ஆளுக்கு வயது 25 என்று போட்டிருக்கிறது. டாக்டர் பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. 5,940 ரூபாய்க்கு ஒரு பொய்ச் சீட்டு. இதற்கு மேல் சமாதானமாக 500 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம், அடுத்த ஆர்டருக்கு!

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், ஆனால் அவர் எழுந்து உட்கார்ந்து கூப்பிடுகிறார். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பூஞ்சை மாத்திரை யார் கொடுத்தாலும், வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டுங்கள். கொலஸ்ட்ரால், ரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது, கேஸ் மாத்திரை எல்லாம்தான். கேஸ் மாத்திரை போட்டால் இட்ராகோனசோல் கேப்சூல் சரியாகச் சேராதாம். அதே சமயம் கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டு நிறுத்துங்கள். இதயம் பலவீனமாக இருப்பவர்கள் இட்ராகோனசோலை எடுக்கவே கூடாது என்றார் டாக்டரம்மா. கல்லீரல் டெஸ்ட் பார்க்காமல் வாரக்கணக்கில் சாப்பிடாதீர்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, தசை வலி, கால் வீக்கம், எது வந்தாலும் உடனே ஓடுங்கள், என்னை மாதிரி தண்ணி குடிக்கச் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டு அத்தை மிச்சம் வைத்திருந்த கீட்டோகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரை அட்டையைக் கொடுத்தார். அது கல்லீரலைக் கெடுக்கிறது என்று 2013லேயே ஐரோப்பாவில் விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மிச்ச மாத்திரை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சீட்டில் டாக்டர் பேரும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்திருக்கிறேன், புகார் எண் வந்திருக்கிறது. 5,940 திரும்ப வந்தால் இங்கேயே சொல்கிறேன். கஞ்சி ஆறுகிறது, போகிறேன்.