சட்டைப் பையில் ஏழு வருடம்: பாட்டெழுதுபவனின் வாய்ஸ் ரெக்கார்டர்

வாங்கிய வாரத்திலேயே எழுதும் ரிவ்யூக்களை நான் நம்புவதில்லை. முதல் வாரம் எந்தப் பொருளும் புது மாப்பிள்ளைதான். அதனால் இந்த ரெக்கார்டரைப் பற்றி ஏழு வருடம் கழித்து எழுதுகிறேன்.

வடசென்னையில் ஒரு சின்ன ராக் பேண்டுக்கு நான் பாட்டு எழுதுகிறேன். கிடார் தெரியாது, பாடினால் தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். ஷோ நடக்கும்போது ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று எல்லாருடைய பையையும் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் கானாவையும் ராக்கையும் கலந்து பாடும் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதன்முதலாக மேடை ஏறியபோது கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். எங்கள் தெருவில் கேட்கும் பேச்சு கொஞ்சமும் இஸ்திரி போடாமல் மைக்கில் வந்தது. நான் அதுவரை நோட்டில் எழுதியதெல்லாம் பட்டிமன்றத் தமிழ் என்று அன்றைக்கு உறைத்தது. அடுத்த மாதம் பர்மா பஜாருக்குப் போய் இதை வாங்கினேன்.

நான்கு ஜிபி, இரண்டு ட்ரிபிள் ஏ பேட்டரி, பக்கவாட்டில் யுஎஸ்பி. 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் வைத்தால் ஏறக்குறைய அறுபது மணி நேரம் பிடிக்கும். போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. போனில் ரெக்கார்ட் செய்துகொண்டிருக்கும்போதுதான் வீட்டிலிருந்து பால் வாங்கி வரச்சொல்லி அழைப்பு வரும். இதில் அந்தத் தொல்லை கிடையாது. பட்டனும் கைக்குத் தெரியும், பையிலிருந்து எடுக்காமலே தட்டிவிடலாம்.

அப்படித் தட்டியதில் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், கேட் போட்டால் ஒரு காலம் ஆகும். ஒரு நாள் சாயங்காலம் கூட்ஸ் வண்டி ஊர்ந்து போகிறது, பின்னால் ஒருத்தர் ஹாரனை விடாமல் அடிக்கிறார். பக்கத்து ஆட்டோக்காரப் பெரியவர் பீடியை இழுத்துவிட்டுச் சொன்னார்: “தொறக்கும்.” ஒரு இழுப்பு. “தொறக்காம எங்க போவும்?”

அன்று இரவு நோட்டில் ‘திறக்கும் ஒருநாள் இந்தக் கதவு’ என்று எழுதினேன். செத்த வரி. மறுநாள் நாங்கள் வாசித்துப் பழகும் ஜாம் ரூமில் ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டியபோது ட்ரம்மர்தான் முதலில் பிடித்தான். “ண்ணா, அந்த பீடி கேப்ப வுட்டுட்ட நீ” என்றான். வாக்கியம் அவருடையது, நடுவில் இருந்த அந்த இழுப்பில் இப்போது நான்கு அடி ட்ரம்ஸ் விழுகிறது. எங்கள் பாட்டுகளில் ஜனங்கள் கூடச் சேர்ந்து பாடுவது அது ஒன்றைத்தான். பெரியவரைத் தேடி மூன்று முறை போனேன், அகப்படவில்லை.

ஜாம் ரூமில் இதன் யோக்கியதை வேறு. சத்த அளவை மெஷினே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ லெவலில் விட்டால் ஸ்நேர் ட்ரம் அடி விழும்போதெல்லாம் கிடார் பயந்து ஒளிந்துகொள்கிறது. மேனுவலுக்கு மாற்றி, பாதிக்கும் கீழே இறக்கி, கதவோரம் துணிமூட்டை மேல் வைத்தால் உருப்படியாக வரும். அந்த ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன். கிடாரின் கரகரப்பு, அதாவது டிஸ்டார்ஷன், ஏறினால் லகரமும் ரகரமும் காணாமல் போகும், டகரமும் ககரமும் தாக்குப்பிடிக்கும். உச்சத்தில் நீளும் சுரத்துக்கு ‘ஈ’ கொடுத்தால் பாடகன் தொண்டை நெரிபடும், ‘ஆ’ கொடுத்தால் பிழைப்பான். அவன் முதலில் தத்தகாரமாக எதையோ உளறுவான், பாதி இங்கிலீஷ் மாதிரி இருக்கும். அந்த உளறலில் வாய் எங்கே திறக்கிறது என்று பார்த்துச் சொல்லைப் போட வேண்டும்.

மேடை ஏறாதவனை பேண்டில் சேர்த்தி என்று சொல்லலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ராபர்ட் ஹன்டரைச் சொல்லுவேன், அவர்களுக்குத் தெரியாது. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் பேண்டுக்கு 1967-இல் நியூ மெக்சிகோவிலிருந்து பாட்டைத் தபாலில் அனுப்பியவர். அந்த பேண்டோடு மேடையில் நின்று வாசிக்காதவரையும் 1994-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர்களோடு சேர்த்துத்தான் கௌரவித்தார்கள். 1970-இல் லண்டனில் ஒரே மதியத்தில் மூன்று பாட்டு எழுதினாராம், மூன்றும் நின்றன. எனக்கு ஒரு பாட்டுக்கு மூன்று மாதம் பிடிக்கிறது. சரி, அவர் கையில் ஒயின் பாட்டில் இருந்தது, என் கையில் ரேஷன் கடை டோக்கன்.

இனி குறைகள். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தைப் பிடிக்கப் போனால் காற்றுதான் பதிவாகும். பழைய சாக்ஸை மாட்டிய பிறகு பரவாயில்லை. உப்புக்காற்றில் பேட்டரி ஸ்பிரிங் பச்சை பூத்துவிடும், மாதம் ஒரு தடவை ரப்பரால் தேய்க்க வேண்டும். மூடியின் கொக்கி மூன்றாம் வருடமே போய்விட்டது, ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. பேட்டரியைக் கழற்றி மாற்றச் சற்றுத் தாமதமானால் தேதி 2016 ஜனவரி 1-க்குப் போய்விடும். ஃபைல் பெயரே தேதிதான். கணக்குப்படி பார்த்தால், இந்த ரெக்கார்டரை வாங்குவதற்கு இரண்டு வருடம் முன்பே, ஒரே நாளில் பதினொரு பாட்டு எழுதியிருக்கிறேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், யாரோ குறும்படக்காரர்கள் எங்கள் பல்லவியை எடுத்து வேறு பெயர் போட்டுக்கொள்ளும் வரை. நான்தான் முதலில் எழுதினேன் என்று ரெக்கார்டிங்கை அனுப்பினேன். தேதியைக் காட்டி, ‘இது ஃபேக் சார்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அப்புறம்தான் சட்டம் படித்தேன். எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை நமக்கு வந்துவிடும், பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் தகராறு என்று வந்தால் பதிவுதான் பேசும். இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் பதிவுக் கட்டணம் ஒரு பாட்டுக்கு 500 ரூபாய். சினிமாவுக்கு எழுதுகிறவர்களுக்கு 2012 திருத்தம் இன்னொரு காவலும் கொடுத்திருக்கிறது: தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற இடங்களில் பாட்டு ஒலித்தால் வரும் ராயல்டியில் சமபங்கைத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. எங்களைப் போன்ற ஆட்கள் முதலில் அந்த 500 ரூபாயைக் கட்டுவது நல்லது. நான் மூன்று பாட்டுக்குக் கட்டியிருக்கிறேன், மற்றவை சம்பளம் வந்தால்.

வாங்கலாமா என்றால், உங்கள் போன் வாயை மூடிக்கொண்டிருக்கும் என்றால் வேண்டாம். தெருவில் காதை வைத்துப் பிழைப்பவர்கள் வாங்கலாம், ரீசார்ஜ் பேட்டரி நான்கோடு. இரண்டு கருவியில் இருக்கும்போதே மற்ற இரண்டும் கையில் தயாராக இருக்க வேண்டும்.

தேதியை மட்டும் மெஷினை நம்பி விடுவதில்லை. இப்போது பட்டனைத் தட்டியதும் நானே வாயால் சொல்லிவிடுகிறேன். கடைசியாகப் பதிந்த ஃபைல் இப்படித் தொடங்குகிறது: “செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஒன்பதரை, கொருக்குப்பேட்டை கேட், தூறல்.” உடனே பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: “இன்னாப்பா, யார்கிட்ட சொல்லிக்கினு கீற?”